வன்னிப் பெருநிலத்தின் ஈமக் கற்கள்: தோற்றமும் நோக்கமும்

வன்னியின் வரலாறு என்றதும் பண்டாரவன்னியனும், 1803ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டை அவன் கைப்பட்ட நிகழ்ச்சியுமே பலருக்கும் நினைவில் எழுகின்றன. முள்ளியவளையும் பனங்காமம், கரிக்கட்டுமூலை முதலிய பிரிவுகளோடு சேர்த்து வன்னியர் ஆண்ட நிலமாகவே அறியப்படுகின்றது. ஆயின், வன்னியர் ஆட்சிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முற்பட்ட காலத்திலேயே இப்பெருநிலத்தில் நிலையான குடியிருப்புக்கள் தோன்றிவிட்டன. அக்குடியிருப்புக்களை எழுப்பியோர் தம் பெயரை எழுதி வைத்தாரல்லர். தம் இறந்தோரைக் கல்லிட்டுப் போற்றி வைத்தனர். அக்கற்கள் யாரால், எதற்காக நாட்டப்பட்டன என்பதை நோக்குவது வன்னி வரலாற்றின் அடிப்படையையே நோக்குவதாகும்.

ஆய்வாளர் 'பெருங்கற்காலச் சின்னங்கள்' என வழங்குபவை ஒரே வடிவின அல்ல. நிலத்தைத் தோண்டி நாற்புறமும் கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் இட்டவை கல்லறைகள். நிலத்தின் மேல் நிறுத்திய கற்கள் மீது பெருங்கல்லைப் பரப்பியவை கல்மேசைகள். பெரிய மட்பானையில் எலும்புகளை இட்டுப் புதைத்தவை தாழிகள். கேகாலை மாவட்டத்துப் படவிகம்பொலவில் கல்மேசையும், தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவவில் கல்லறைகளும், பொம்பரிப்பில் தாழிகளும் காணப்படுகின்றன. முள்ளியவளைக்குத் தென்மேற்கே, வவுனியா மாவட்டத்து மாமடுவும் இப்பண்பாட்டுக்குரிய ஈமத்தலங்களுள் ஒன்றாகும்.

இவ்வேறுபாட்டை வெவ்வேறு மக்களின் அடையாளமெனக் கொள்வது பொருந்தாது. கருங்கற்பாறை கிடைக்கும் உள்நாட்டில் கல்லறை எழுந்தது. மணற்பாங்கான பொம்பரிப்பில் தாழி புதைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் இறந்தோர் குழியில் நேரே கிடத்தப்பட்டனர். ஈமத்தின் புறவடிவை நிலம் பெரிதும் தீர்மானித்தது. இவற்றை ஒரே பண்பாட்டின் கூறுகளாக இணைப்பவை கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும் இரும்புக் கருவிகளும் மணிகளுமாகும்.

இப்பண்பாடு எங்கிருந்து வந்தது? 1947இல் மோட்டிமர் வீலர் கருநாடகத்துப் பிரமகிரியில் நடத்திய அகழாய்வு, தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களை இரும்புக்காலத்துடன் இணைத்துக் காட்டியது. பொம்பரிப்புத் தாழிகள் எதிர்க்கரையில் தாமிரபரணி ஆற்றங்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்திருப்பதும் நெடுங்காலமாக எடுத்துக்காட்டப்படுகின்றது. இவ்வொற்றுமையைக் கொண்டு, மக்கள் பெருந்திரளாகக் கடல் கடந்து வந்து குடியேறினர் என முன்னையோர் கருதினர். ஆயின், பேராசிரியர் கா. இந்திரபாலா 2005இல் வெளியிட்ட நூலில், இலங்கையிற் பழங்காலந்தொட்டு வாழ்ந்த மக்களிடையே புதிய தொழில்நுட்பமும் மொழியும் பரவியமையே முதன்மையானது என வாதிட்டார். ஒருசிலர் வந்திருக்கலாம், பலர் கற்றுக்கொண்டிருக்கலாம். எவ்வாறாயினும், கல்லறையில் உறங்குவோர் மீது இன்றைய இனப்பெயர்களை அப்படியே ஏற்றிக் கூறுவது வரலாற்று முறையாகாது. இன்றைய தமிழரும் சிங்களவரும் தத்தம் முன்னோரைத் தேடும்போது இருவரும் வந்து சேரும் பொது வாயில்களுள் இப்பண்பாடும் ஒன்றாகும்.

இனி, நோக்கத்தை ஆராயலாம். உடலை மறைப்பது மட்டுமே கருத்தாயின் ஒரு குழி போதும். பாறையைப் பலகையாகப் பிளந்து, இழுத்து வந்து, நிறுத்தி மூடுவதற்குப் பலரின் உழைப்பு வேண்டும். பொம்பரிப்பில் ஒரே தாழியுட் பலருடைய எலும்புகள் காணப்பட்டன. தசை அழிந்தபின் எலும்புகளைத் திரட்டி இடும் வழக்கம் இருந்தமையை இது உணர்த்துகின்றது. எனவே ஈமம் என்பது இறப்பு நாளில் முடிந்துவிடும் செயலன்று. உறவினர் மீண்டும் கூடிச் செய்யும் சடங்காகும். இப்பன்கட்டுவக் கல்லறைகளிற் கிடைத்த சூதுபவள மணிகள், தொலைநாட்டுப் பொருளைப் பெறும் வசதியுடையோர் அச்சமூகத்தில் இருந்தனர் என்பதையும் காட்டுகின்றன. மணிமேகலை ஐவகை அடக்க முறைகளைக் கூறுவதும், கணவனை இழந்தவள் தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகலமாகச் செய்யுமாறு குயவனை வேண்டுவதாகப் புறநானூற்றுப் புலவர் பாடியதும் இம்மரபின் பிற்கால எதிரொலிகளாம்.

சடங்கு ஒன்று ஊர்களை எவ்வாறு பிணைக்கும் என்பதை முள்ளியவளை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கெனக் கடல்நீர் எடுத்துவரப்பட்டு, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் அந்நீரில் விளக்கேற்றப்படுகின்றது. இதன் தோற்றம் பிற்காலத்தது; பெருங்கற்கால ஈமத்தோடு இதனை நேரே தொடர்புபடுத்த முடியாது. எனினும், பலர் பணியைப் பகிர்ந்து செய்யும் வழிபாடு அவர்களை ஒரே சமூகமாக்கும் என்னும் உண்மை இரண்டுக்கும் பொதுவானது.

பெருங்கற்காலக் குடியேற்றத்தை ஆராய்ந்தோர், குடியிருப்பு, வயல், குளம், ஈமக்காடு ஆகிய நான்கும் அருகருகே அமைந்திருத்தலை அதன் சிறப்பியல்பாகக் கூறுவர். நெல் விளைவிப்போர் நிலத்தை விட்டு அகல்வதில்லை. குளம் அவர்தம் வாழ்வையும், முன்னோரின் கல்லறை அந்நிலத்தின் மீது அவர்க்குள்ள உரிமையையும் தாங்கி நின்றன. ஈமக்கல் இறந்தோருக்கான வீடு மட்டுமன்று, இருப்போருக்கான எல்லைக்கல்லுமாகும். பின்னர், கிறித்துவுக்கு முற்பட்ட பிராமிக் கல்வெட்டொன்றில், வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திலே தமிழ வணிகன் விசாகன் குகையைத் தானமளித்த செய்தி பிராகிருத மொழியிற் பொறிக்கப்பட்டது. அவ்வணிகன் வந்து நின்றது வெறுங்காட்டிலன்று. அதற்கு முன்பே குளமும் வயலும் கண்ட நாட்டிலாகும்.

2009ஆம் ஆண்டுவரை நீடித்த போரில் வன்னி மக்கள் ஏறத்தாழ முழுமையாகவே இடம்பெயர்ந்தனர். பின்னர் மீண்டுவந்து காடேறிய வயல்களைத் திருத்தினர். காடு வெட்டும்போதும் குளக்கட்டு உயர்த்தும்போதும் கல்லுடைக்கும்போதும் இப்பழஞ்சின்னங்கள் எவரும் அறியாமலே அழிந்துபோகக்கூடும். மூடுகல் ஒன்று உடைந்தால் அதன் கீழுள்ள மட்பாண்டத்தின் காலமும் எலும்பின் கிடைநிலையும் அதனோடு மறையும். உரிமை பேசுவோர் எத்தரப்பினராயினும், சான்றுகள் அழிந்தபின் அவர் கூற்று வெறுங்கூற்றே. ஆதலின், குளந்தோறும் அதன் அயலைச் சுற்றி நோக்கி, கண்டதைக் கண்டவாறே பதிவு செய்வது வரலாறு பயிலும் மாணவரின் முதற் கடமையாகும். முன்னோர் எழுதாமல் விட்டுச் சென்ற வரலாற்றை எழுதுவதற்குரிய ஏடு வன்னி மண்ணே.