வேர்க்குழாய் சீலர்களின் கரைதிறன்

பல்வேர்ச் சிகிச்சையில், சுத்தம் செய்த வேர்க்குழாயைக் கட்டா-பெர்ச்சா குச்சியால் நிரப்புவர். குச்சிக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே எஞ்சும் சந்துகளை அடைக்கும் பசையே சீலர். திசுநீர் பட்டு அது கரைந்தால் அந்த இடம் வெற்றிடமாகும். அதன் வழியே கிருமிகள் மீண்டும் வேர்நுனியை எட்டும். எனவே சீலரின் பண்புகளில் கரைதிறனே முதலில் கவனிக்கத்தக்கது.

துத்தநாக ஆக்சைடு தூளை, கிராம்புத் தைலத்தின் சாரமான யூஜினாலில் குழைத்துச் செய்வது நெடுங்காலம் கோலோச்சிய வகை. 1931-இல் ரிக்கர்ட் முன்வைத்த கலவையில் வெள்ளித்தூள் இருந்ததால் பல் கறுத்தது. பிலடெல்பியாவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் கிராஸ்மன் 1936-இல் தம் கலவையை வெளியிட்டார். 1958-இல் வெள்ளியை நீக்கிக் கறைபடாத வாய்பாட்டைத் தந்தார். பிற்காலத்தில் பரவலான வாய்பாட்டின் தூளில் துத்தநாக ஆக்சைடு 42 பங்கு, பிசின் 27 பங்கு; மீதி பிஸ்மத், பேரியம் உப்புகளும் சிறிது போரக்சும். கண்ணாடித் தட்டில் குழைத்த பசையைக் கரண்டியால் தூக்கினால், அறுபடாமல் ஓர் அங்குலம் இழையாக நீள வேண்டும். அதுவே சரியான பதம். நல்ல சீலர் திசுநீரில் கரையக்கூடாது, ஆனால் நிரப்பியதை எடுக்க நேர்ந்தால் வழக்கமான கரைப்பானில் கரைய வேண்டும் என்ற இலக்கணமும் அவர் வகுத்ததே. அவருடைய கலவையே முதல் பாதியை முழுமையாக நிறைவேற்றவில்லை. இறுகிய துத்தநாக யூஜினோலேட்டை நீர் சிதைக்கிறது; யூஜினால் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கிறது.

கரைதிறனை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 6876 தரநிலைச் சோதனையில், 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. தடிப்பும் கொண்ட வில்லைகள் 50 மி.லி. நீரில், 37 டிகிரி செல்சியசில், 24 மணி நேரம் ஊறுகின்றன. பின் நீரை ஆவியாக்கி, தட்டில் தங்கும் படிவை எடைபோடுவர். இழப்பு 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வேருக்குள் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகும் பொருளுக்கு ஒரு நாள் சோதனை போதாது.

அக்குறையை ஈடுசெய்தது ஷேஃபரும் ஸாண்ட்பிகிளாரியும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. எட்டு சீலர்களை நீரிலும் வெவ்வேறு அமிலத்தன்மை கொண்ட செயற்கை உமிழ்நீரிலும் 28 நாள் வரை ஊறவைத்தனர். எப்பாக்சி பிசினாலான ஏ.ஹெச். பிளஸ் எல்லா நீர்மங்களிலும் மிகக் குறைவாக எடை இழந்தது. கால்சியம் ஹைட்ராக்சைடு வகையான சீலாபெக்சும், கண்ணாடி அயனோமர் வகையான கீட்டாக் எண்டோவும் குறிப்பிடத்தக்க அளவு கரைந்தன. ஏ.ஹெச். பிளசின் முன்னோடி, சுவிட்சர்லாந்தின் ஆந்த்ரே ஷ்ரோடர் 1950-களில் உருவாக்கிய ஏ.ஹெச். 26. அது இறுகும்போது ஃபார்மால்டிஹைடை வெளியிட்டது. ஏ.ஹெச். பிளஸ் அக்குறை பெருமளவு நீங்கப்பெற்றது. ஒப்பீட்டுக்கு இன்றும் உரைகல் அதுவே.

இப்போது பரவும் கால்சியம் சிலிகேட் சீலர்கள் கால்சியம் அயனிகளை வெளியிட ஓரளவு கரைந்தே ஆக வேண்டும். பயோரூட் போன்றவை பாஸ்பேட் கரைசலைவிட வெறும் நீரில் கூடுதலாகக் கரைகின்றன.