கிட்டாரை மடியில படுக்க வைங்க! ஹவாயன் கிட்டார் கூடுகைக்கு முதன்முறை போறவங்களுக்கு ஒரு கையேடு

எங்க ஐயா ரங்கூன்ல இருந்து திரும்பினப்போ கொண்டுவந்த சாமான்களில் ஒரு கிட்டாரும் இருந்தது. காரைக்குடி வீட்டில், ரெண்டாம் கட்டு அறையில், பித்தளை அண்டாக்களுக்குப் பின்னாடி பல வருஷம் கிடந்துச்சு. 'கம்பியெல்லாம் இவ்வளவு உசரத்துல நிக்குதே, கோளாறு போல'ன்னு நினைச்சு நான்தான் அதை ரிப்பேருக்குக் கொடுத்தேன். கம்பிகளைத் தாழ இறக்கிக் கொடுத்தாங்க. போன வருஷம் சென்னையில் ஒரு வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடும் ஹவாயன் கிட்டார் கூடுகைக்கு முதல் தடவையா அதைத் தூக்கிட்டுப் போனேன். அங்கேதான் தெரிஞ்சது, சரியா இருந்ததை நானே கெடுத்து வெச்சிருக்கேன்னு.

அப்படி ஒரு கூடுகைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதை இங்கே சொல்றேன்.

கம்பி ஏன் அவ்வளவு உயரம்?

சாதாரண கிட்டாரில் கம்பியை விரலால் அழுத்தி, ஃபிரெட்டில் படவைத்து ஸ்வரம் எடுப்போம். ஹவாயன் கிட்டாரில் அழுத்துற வேலையே கிடையாது. கிட்டாரை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, இடது கையில் ஒரு கனமான எஃகு உருளையைப் பிடித்து, கம்பியின் மேலே வழுக்கிக்கொண்டே போகணும். 'ஸ்டீல்'ங்கிற பெயர் அந்த உருளையால் வந்தது. கம்பி தாழ்வா இருந்தால் உருளை ஃபிரெட்டில் இடித்து லொடலொடன்னு சத்தம் வரும். அதனாலதான் உயரம். ஃபிரெட் கோடுகள் இங்கே வெறும் அடையாளம்தான். உருளை அந்தக் கோட்டுக்கு நேர் மேலே நிற்கணும். கொஞ்சம் சாய்வா உட்கார்ந்து பார்த்தாலே சுருதி பிசகிடும்.

சுருதி கூட்டுவதும் வேற மாதிரி. எங்கேயும் தொடாமல் வெறும் கம்பிகளை மீட்டினாலே ஒரு முழு 'கார்டு' கேட்கிற மாதிரி வெச்சிருப்பாங்க. வலது கை கட்டைவிரலிலும் அடுத்த ரெண்டு விரல்களிலும் நகம் மாதிரி பிக் மாட்டிப்பாங்க.

ஹவாய் தீவில் கமேஹமேஹா பள்ளி மாணவராக இருந்த ஜோசப் கெகுகுதான் 1889 வாக்கில் இந்த முறையை உருவாக்கினார்ங்கிறது பரவலா ஏத்துக்கிட்ட கதை. ரயில் பாதையில் கிடந்த ஒரு இரும்புத் துண்டை எடுத்துக் கம்பியில் தேய்த்துப் பார்த்தாராம். அவருக்கும் முன்னாடியே, இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹவாய் போய்ச் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் அப்படி வாசித்தார்னு சொல்றவங்களும் உண்டு. கூடுகையில் இந்த ரெண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னீங்கன்னா அரை மணி நேர விவாதம் கேரண்டி! 1932-ல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கரின் 'ஃப்ரையிங் பேன்', கடைக்கு வந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டார்களில் ஒன்று. அதுவும் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்தான். ராக் இசை கேட்கிற தம்பிகள் இதை நம்ப மாட்டேங்குறாங்க.

கொல்கத்தா வழியா வந்த அலை

1940-களில் டாவ் மோ என்ற சமோவா தீவுக்காரர் தன் மனைவி ரோஸோடு கொல்கத்தாவிலேயே தங்கி வாசித்தார். பிறகு அந்த ஊரில் சுஜித் நாத், காஜி அனிருத்தா, பட்டுக் நந்தி, சுனில் கங்குலின்னு ஒரு பெரிய வரிசையே உருவாச்சு. ரவீந்திர சங்கீதத்தையும் சினிமாப் பாட்டையும் இதில் வாசிச்சாங்க. வங்காளத்து வீடுகளில் ஹார்மோனியத்துக்கு அடுத்தபடி ஹவாயன் கிட்டார்னு சொல்ற அளவுக்குப் போச்சு. பிரிஜ் பூஷன் காப்ரா அதை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுபோனார். 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் சந்தூர், புல்லாங்குழலோடு கேட்பது அவர் கிட்டார்தான். விஸ்வ மோகன் பட் அதில் கூடுதல் கம்பிகள் கட்டி 'மோகன வீணை' ஆக்கினார். ரை கூடரோடு சேர்ந்து செய்த ஆல்பத்துக்காக 1994-ல் கிராமி வாங்கினார்.

பர்மாவிலும் இந்தக் கிட்டார் ஊன்றிடுச்சு. அங்கே ஹவாய் மெட்டுகளை விட்டுட்டு, அந்த ஊர் மரபிசைக்கு ஏற்ற மாதிரி வாசிப்பையே மாத்திக்கிட்டாங்க. யூ டின் என்ற கலைஞரின் பதிவுகளைத் தேடிக் கேளுங்க. செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்து 'இது பர்மா'ன்னு சொல்றவங்க நாம. அந்த ஊர்க் கிட்டாரையும் ஒரு தடவை கேட்டுடலாம்.

நம்ம ஊர்ல இல்லையா?

இருக்கே. கோட்டு வாத்தியம், இப்போ சித்திரவீணைன்னு சொல்றோம். ஃபிரெட்டே இல்லாத வீணை. 20, 21 கம்பிகள். இடது கையில் கருங்காலிக் கட்டையை வெச்சு வழுக்கி வாசிப்பாங்க. திருவிடைமருதூர் சகாராம ராவ் இதில் பெரிய பெயர். செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு அவர் குரு. அவருக்குப் பிறகு நாராயண ஐயங்கார்.

காரைக்குடின்னா வீணை ஞாபகம் வரும். சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வெச்சும், தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போலக் கிடத்தியும் வாசிச்ச 'காரைக்குடி சகோதரர்கள்' ஊர் இது. 1952-ல் சங்கீத நாடக அகாடமி விருது சாம்பசிவ ஐயருக்கும், பக்கத்து ஊரான அரியக்குடியின் ராமானுஜ ஐயங்காருக்கும் போச்சு. வீணையில் மெட்டுக்கு மேலே கம்பியை இழுத்து கமகம் கொண்டு வரணும். ஸ்டீல் கிட்டாரில் வழுக்கினாலே போதும். ஆனா கம்பி எங்கே நிக்கணும்னு சொல்ல மெட்டு இருக்காது, காது மட்டும்தான். வீணை கேட்டுப் பழகின காதுக்கு இந்த வாத்தியம் சீக்கிரம் பிடிபடும்ங்கிறது என் அபிப்பிராயம்.

கூடுகையில் என்ன நடக்கும்?

1985-ல் தொடங்கின 'ஹவாயன் ஸ்டீல் கிட்டார் அசோசியேஷன்' அமெரிக்காவில் பல வருஷம் ஜோலியட் நகரத்தில் மாநாடு நடத்துச்சு. பகலில் உறுப்பினர்கள் மாறி மாறி மேடையேறுவாங்க, ராத்திரி ஹோட்டலிலேயே கச்சேரி தொடரும். நம்ம பக்கம் இவ்வளவு பெரிசா எதிர்பார்க்காதீங்க. ஒரு ஹால், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், காபி டம்ளர், எழுபதைத் தொட்ட நாலு பேர். நான் போன இடத்தில் முப்பதுக்குக் கீழே இருந்தது நான் மட்டும்தான்.

வாசிக்கத் தெரியலையேன்னு தயங்க வேண்டாம், கேட்க வர்றவங்களுக்கு அங்கே தனி மரியாதை. முன்வரிசையில், வாசிப்பவரின் இடது கை தெரியுற பக்கமா உட்காருங்க. உருளை ஒரு ஸ்வரத்தில் வந்து நின்னதும் லேசா முன்னும் பின்னும் ஆடும். அந்த நடுக்கத்தில்தான் ஒவ்வொருத்தரோட கையெழுத்தும் இருக்கு. உருளைக்குப் பின்னாடி கம்பியைத் தொட்டுக்கிட்டே வர்ற விரல்களையும் கவனிங்க. அதுதான் இரைச்சலை அடக்கும்.

அடுத்தவங்க உருளையையும் பிக்கையும் கேட்காமல் தொடாதீங்க. வீடியோ எடுக்கணும்னா அனுமதி கேளுங்க. கிடைச்சா முகத்தைவிடக் கையை எடுங்க. கம்பிக்குக் கம்பி என்ன ஸ்வரத்தில் கூட்டியிருக்கார்னு கேட்டு நோட்ஸ் ஆப்பில் எழுதிக்கோங்க. இதெல்லாம் பல பேரிடம் புத்தகமா இல்லை, கையில் மட்டும்தான் இருக்கு. எனக்குச் சொல்லித் தந்த பெரியவர், 'எழுதிக்கோ தம்பி'ன்னு ரெண்டு தடவை சொன்னார்.

அவர்தான் என் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதோட நட்டை எங்கே?"ன்னு கேட்டார். தூக்கிப் போட்டாச்சு. கீழே பிரிட்ஜில் இருக்கிற எலும்பையும் சீவியிருந்தாங்க. தன் பையிலிருந்து ஒரு இரும்புத் தொப்பி மாதிரி எடுத்து, நட்டுக்கு மேல மாட்டினார். நட் எக்ஸ்டெண்டர்னு பேராம். கம்பி எழும்பிடுச்சு. எலும்பு மட்டும் புதுசா செதுக்கணும், இன்னும் நடக்கலை.

அதனால ஒரு வேண்டுகோள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளிலோ உங்க வீட்டுப் பரணிலோ பழைய கிட்டாரைப் பார்த்தால், முதலில் பக்கவாட்டில் குனிந்து பாருங்க. கம்பி நெடுகிலும் ஒரே மாதிரி விரல் நுழையுற உயரத்தில் இருக்கா, மேலே உலோகத் தொப்பி இருக்கா, கழுத்துக்குப் பின்பக்கம் உருண்டையா இல்லாமல் சதுரமா இருக்கா? இதில் ஒண்ணு இருந்தாலும் அது ஹவாயன் கிட்டாராக இருக்கலாம். விக்கவும் வேண்டாம், சீவவும் வேண்டாம். பல்லவன் எக்ஸ்பிரஸ்ல மடியில் வெச்சே சென்னைக்குக் கொண்டு போயிடலாம். நான் அப்படித்தான் போனேன், பக்கத்து சீட் அக்கா திருச்சி வரைக்கும் 'இது வீணையா'ன்னு கேட்டுட்டே வந்தாங்க.