கோஷா மருத்துவமனையும் மேரி ஷார்லீபும்

சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி மகப்பேறு மருத்துவமனையைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று வழங்குவோர் இன்றும் உளர். கோஷா என்பது பார்ஸிச் சொல். மூலை, ஒதுக்கிடம் என்பன அதன் பொருள். நம் நாட்டில் அது பெண்டிர் பேணிய திரைமறைவைக் குறிக்கலாயிற்று. ஒரு மருத்துவமனை இப்பெயரால் அறியப்படக் காரணமாயிருந்தவர் மேரி ஷார்லீப் (1845–1930) என்னும் ஆங்கிலேய அம்மையார்.

வழக்கறிஞரான கணவருடன் 1866இல் சென்னை வந்த அவர், ஆண் மருத்துவர் முன் வரவியலாத பெண்கள் பேறுகாலத்தில் படும் துயரைக் கேள்வியுற்றார். முதலில் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அது போதாதெனக் கண்டு முழு மருத்துவக் கல்வியை நாடினார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களுள் அவரும் ஒருவர். அதற்குத் துணைநின்றவர் சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர். 1850 அளவில் சென்னையில் முகம்மதியர் பொது நூலகம் தோன்ற முன்னின்றவரும் இவரே என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

1878இல் சென்னையில் தேறிய ஷார்லீப், 1882இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்தை மகப்பேற்றியலில் தங்கப் பதக்கத்துடன் பெற்றார். 1883இல் சென்னை திரும்பி, தாம் பயின்ற கல்லூரியிலேயே மகப்பேற்று மருத்துவம் கற்பித்தார். 1885இல் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனையை நிறுவினார். உடல்நலம் குன்றி 1887இல் தாயகம் சென்றபோதும் அப்பணி நிற்கவில்லை. மருத்துவமனை அவருக்குப் பின்னும் வளர்ந்தது. லண்டனிலும் அவர் பெண்கள் மருத்துவப் பள்ளியில் ஆசிரியராகவும், 1902 முதல் 1908 வரை ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மகளிர் நோய் மருத்துவராகவும் விளங்கினார்.

சிகிச்சை, நிர்வாகம், போதனை ஆகிய மூன்றையும் அவர் ஏன் ஒருங்கே மேற்கொள்ள நேர்ந்தது? நம் ஃபிக்ஹு நூல்களின் துணைகொண்டே இதனை விளக்கலாம். பெண்ணுக்குப் பெண் மருத்துவரே முதலில் நாடத்தக்கவர். அவர் கிடையாதவிடத்து, நிர்ப்பந்தத்தின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பது ஆகும் என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு. ஆனால் பெண் மருத்துவரே இல்லாத ஊரில் இத்தீர்ப்பின் முற்பகுதி ஏட்டளவிலேயே நிற்கும். பிற்பகுதி தரும் அனுமதியோ, நாணத்தால் தயங்கும் பெண்ணின் தயக்கத்தைப் போக்கிவிடுவதில்லை. தயங்கிய பொழுதில் உயிர் பிரிந்துவிடும். எனவே ஒரு பெண் மருத்துவராவது மட்டும் போதாது. பிற பெண்களுக்குக் கற்பிக்க வேண்டும், அவர்கள் பணிபுரிய இடமும் அமைக்க வேண்டும்.

அக்குறையைத் திரையின் மேல் சுமத்துவது எளிது. ஷார்லீப் நிறுவிய மருத்துவமனையோ திரையை விலக்கி வருமாறு நோயாளியைப் பணிக்கவில்லை. திரைக்குள் இருப்போரும் நுழையத்தக்க வாயிலை அமைத்தது.

மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என வகுத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், மக்கள் ஃபிக்ஹுக் கல்வியில் முண்டியடித்துக்கொண்டு அக்கடமையைக் கைவிட்டதை இஹ்யாவில் கண்டித்துள்ளார்கள். அக்கடமையின் ஒரு கூற்றை நம் நகரில், நம் பெண்களுக்காக, பிற சமயத்தார் ஒருவர் நிறைவேற்றினார். அவருக்கு நாம் நன்றியுடையோம். எனினும், கடமையைப் பிறர் செய்யக் கண்டு மகிழ்வது அதனை நாமே செய்ததாகாது. மருத்துவம் பயில விழையும் நம் பெண்மக்களுக்கு வழிவிடுவதும் பொருள் கொடுத்து உதவுவதும் அக்கடமையைச் சேர்ந்தனவே.