‘யீ’ அல்ல, ‘தி’

லண்டன் ஃப்ளீட் தெருவில் ‘செஷயர் சீஸ்’ என்றொரு மதுக்கூடம் உண்டு. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்து, மறு வருடமே திரும்ப எழுந்தது. பெயர்ப்பலகையில் ‘செஷயர் சீஸ்’ வருவதற்கு முன் இரண்டு சொற்கள் நிற்கின்றன. வருகிறவர்கள் அவற்றை ‘யீ ஓல்ட்’ என்று வாசிக்கிறார்கள். நாட்டிங்ஹாமின் ‘ட்ரிப் டு ஜெருசலேம்’ மதுக்கூடத்துக்கும் அதே முன்னொட்டுதான். பழமை என்றாலே ‘யீ’ என்று ஆகிவிட்டது.

ஆனால் ‘தி’ என்ற சொல்லைப் பழைய இங்கிலாந்தில் யாரும் ‘யீ’ என்று உச்சரித்ததில்லை. பலகையில் ஒய் போலத் தெரிவது வேறோர் எழுத்தின் நிழல். அந்த எழுத்தின் பெயர் தார்ன், பொருள், முள்.

ஆங்கிலோ-சாக்சன்கள் லத்தீன் எழுத்தைக் கிறிஸ்தவத் துறவிகளிடம் கற்றார்கள். அவர்கள் பேச்சிலிருந்த ஓர் ஒலிக்கு அதில் இடமில்லை. நாக்கின் நுனி பல்லை உரசிப் பிறக்கும் ஒலி அது. ‘அது’ என்று சொல்லும்போது நம் வாயில் வரும் தகரத்துக்கு மிக அருகில் இருப்பது. ஆகவே முன்னோரின் ரூன் எழுத்துகளிலிருந்து ஒன்றை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். செங்குத்தான ஒரு கோடு, அதன் நடுவே ஒரு பக்கமாகப் புடைத்த கூர். ஸ்காண்டிநேவியாவில் இதே ரூனுக்கு அரக்கன் என்று பெயர். ஆயிரம் ஆண்டுப் பழைய பேவுல்ஃப் காவியச் சுவடியில் பக்கத்துக்குப் பக்கம் இந்த முள்ளைக் காணலாம்.

நூற்றாண்டுகள் போகப்போக எழுத்தர்களின் கை வேகம் கூடியது. கோட்டின் தலை குட்டையானது. புடைப்பின் மேல்வாய் திறந்துகொண்டது. தார்னும் ஒய்யும் ஒன்றுபோல ஆகிவிட, குழப்பம் தீரச் சிலர் ஒய்யின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். ‘தி’ என்பதைச் சுருக்கி, தார்ன் எழுதி அதன் மேல் குட்டியாக ஓர் ஈ போடுவதும் வழக்கமாயிற்று.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் தொடங்கினார். தொழிலை அவர் கற்றது கொலோன் நகரில். அச்செழுத்துகளும் ஐரோப்பியப் பெருநிலத்து வழியில் வந்தவை. அங்கே யாருக்கும் தேவைப்படாத தார்ன் அந்த ஈய எழுத்துகளில் இல்லை. கையில் இல்லாததற்குக் கம்பாசிட்டர் கண்ணுக்கு நெருக்கமானதை எடுத்து வைத்தார்: ஒய். ஓர் எழுத்து சாக இவ்வளவு போதும் என்பது மனத்தை உறுத்துகிறது. பெரும்பாலான இடங்களில் டியும் எச்சும் சேர்ந்து அதன் வேலையை ஏற்றுக்கொண்டன. வரி நெருக்கும்போது மட்டும் தலையில் ஈ சுமந்த ஒய் இடம் மிச்சப்படுத்த வந்தது. 1611ஆம் ஆண்டு ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதல் பதிப்பில், குறுகிய பத்திகளுக்கு நடுவே, சில இடங்களில் அதைப் பார்க்கலாம்.

அதே பைபிளில் உண்மையான ‘யீ’யும் இருக்கிறது, அது தனிச் சொல். ‘நீங்கள்’ என்று எழுவாயாக வரும் இடத்தில் ‘யீ’, ‘உங்களை’ என்று வரும் இடத்தில் ‘யூ’. இந்த இரண்டு ‘யீ’களையும் பிரித்தறியாததுதான் பின்னால் வந்த தவறான வாசிப்புக்கு வழிவிட்டது.

ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் கல்லறைக் கல்லைக் குனிந்து பார்த்தால் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். ‘தி’ வர வேண்டிய இடத்தில் ஒய்யும் மேலே சிறு ஈயும். ‘தட்’ என்ற சொல்லுக்கு ஒய்யும் மேலே சிறு டியும். ‘சபிக்கப்பட்டவன்’ என்று பொருள்படும் சொல்லில் யூ இருக்க வேண்டிய இடத்தில் வி. அப்போது யூவும் வியும் ஓரெழுத்தின் இரு வடிவங்களாகவே இருந்தன. அச்சில் சொல்லின் தொடக்கத்தில் வி, நடுவில் யூ என்பது வழக்கம்.

அச்சு கைவிட்ட சுருக்கத்தைக் கையெழுத்து எளிதில் விடவில்லை. மேஃபிளவர் கப்பலில் 1620இல் அமெரிக்கா சென்ற வில்லியம் பிராட்ஃபோர்டின் கைப்படியிலும் அது நிறைய. பிறகு அதுவும் மறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் பழமை மோகம் எழுந்தபோது, கடைக்காரர்கள் அந்த வடிவத்தை ஒலி அறியாமல் பலகையில் ஏற்றினார்கள். ஃப்ளீட் தெருப் பலகையை ‘தி’ என்று வாசிப்பதுதான் சரி.

ஐஸ்லாந்தில் தார்ன் இன்றும் அரிச்சுவடி எழுத்து. அந்நாட்டின் பழைய நாடாளுமன்றம் கூடிய திங்வெட்லிர் சமவெளியின் பெயரை அங்கே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறார்கள்.