கையொப்பத்துக்குச் சாட்சி

ஓர் அரசின் எல்லைக்குள் வழங்கப்படும் ஆவணத்தை அங்குள்ளோர் நம்புவதற்குக் காரணம் அதில் எழுதியுள்ள செய்தி மட்டுமன்று. ஒப்பமிட்டவர் யார் என்பது தெரியும், ஐயம் எழுந்தால் கேட்டறிய ஆளும் அருகிலேயே உண்டு என்பதும்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் இதற்கு நல்ல சான்று தருகிறது: நம்பியாரூரரைத் தமக்கு அடிமை என்று வழக்காடும் முதியவர் மூலவோலையை முன்வைக்க, திருவெண்ணெய்நல்லூர் அவையினர் ஆரூரருடைய பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புரைக்கின்றனர். ஒப்பிடுவதற்கு இன்னோர் ஓலை கிடைக்கும்வரை இந்த முறை போதும். கடல் கடந்து, எழுத்தும் மொழியும் வேறான நாட்டில் அதே ஓலையை நீட்டினால், அந்தக் கையெழுத்தை அறிந்தவர் அங்கு எவரும் இல்லை.

இந்தச் சிக்கலை முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டவை இத்தாலியின் வணிக நகரங்கள். லத்தீனில் சுருக்கெழுத்தரைக் குறித்த 'நொத்தாரியுஸ்' என்ற சொல், இடைக்காலத்தில் ஒப்பந்தங்களை எழுதிச் சான்றுறுதி செய்பவரின் பெயராயிற்று. (இலங்கைத் தமிழர் வழங்கும் 'நொத்தாரிசு' அதே சொல்லின் டச்சு வழி வந்த வடிவம்.) ஜெனோவாவில் ஜொவான்னி ஸ்கிரிபா 1154 முதல் 1164 வரை எழுதிவைத்தது, எஞ்சியுள்ள நோட்டரிப் பதிவேடுகளுள் மிகப் பழையது; கடல் வணிகக் கூட்டு ஒப்பந்தங்கள் அதில் நிறைந்துள்ளன. நோட்டரி ஒவ்வொருவரும் பிறர் எளிதில் போலி செய்ய இயலாத ஒரு சின்னத்தைத் தம் கையாலேயே ஆவணத்தின் அடியில் வரைவது வழக்கம். அவர்களுள் பலர் போப்பாண்டவரின் அல்லது பேரரசரின் அதிகாரத்தால் நியமிக்கப்பட்டவர்கள் என்பதால், அவர்கள் எழுதியது ஒரு நகரத்தின் எல்லையோடு நின்றுவிடாமல் பல நாடுகளில் மதிப்புப் பெற்றது.

அந்தப் பொது அதிகாரம் தேசிய அரசுகள் எழுந்தபோது சிதறியது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்து 1533ஆம் ஆண்டுச் சட்டம் நோட்டரிகளை நியமிக்கும் உரிமையைப் போப்பாண்டவரிடமிருந்து கேன்டர்பரி பேராயருக்கு மாற்றியது. இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் நோட்டரிகளை நியமிக்க அரசுக்கு வழிசெய்தது; ஏற்க மறுக்கப்பட்ட மாற்றுச்சீட்டின் மறுப்பைப் பதிந்து சான்றளிப்பதே அவர்களிடம் அச்சட்டம் எதிர்பார்த்த முதன்மைப் பணி. பின்னர் 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் இத்தொழிலுக்குத் தனி வடிவம் தந்தது.

ஆயினும் ஒரு நாட்டு நோட்டரியின் முத்திரையை மற்றொரு நாட்டு அலுவலர் அறிந்திருக்க வாய்ப்பில்லாததால், சாட்சிக்கு மேல் சாட்சி தேவைப்பட்டது. நோட்டரியின் கையொப்பத்தை மாநில அலுவலரும், அவருடையதை வெளியுறவு அமைச்சகமும், அமைச்சகத்தினுடையதைச் செல்லவிருக்கும் நாட்டின் தூதரகமும் உறுதிசெய்ய, ஒரு பிறப்புச் சான்றிதழின் பின்பக்கம் முத்திரைகளால் நிறைந்தது. இவர்களுள் எவரும் ஆவணத்தின் உள்ளடக்கம் உண்மை என்று சொல்வதில்லை. தமக்கு முந்தையவரின் கையொப்பம் அவருடையதுதான் என்று மட்டுமே சொல்கின்றனர். இந்த நுணுக்கம் பலருக்குத் தெரியாததால்தான், முத்திரை பெற்ற காகிதத்தில் உள்ளவையெல்லாம் அரசு ஒப்புக்கொண்ட உண்மைகள் என்ற தவறான எண்ணம் இன்றும் நிலவுகிறது.

இந்தச் சங்கிலியை அறுத்தது, 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் நிறைவேறி 1965 ஜனவரி 24 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம். அதன்படி, ஆவணம் பிறந்த நாட்டின் உரிய அதிகாரி இணைக்கும் 'அப்போஸ்டில்' என்னும் ஒரே சான்று உறுப்பு நாடுகள் அனைத்திலும் போதுமானது. பக்கம் குறைந்தது 9 சென்டிமீட்டர் உள்ள சதுரம், எண்ணிட்ட 10 விவரங்கள், கட்டாயமாகப் பிரெஞ்சு மொழியில் தலைப்பு என அதன் அமைப்பையும் ஒப்பந்தமே வரையறுத்தது. ஓரக்குறிப்பு என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லே 'அப்போஸ்டில்'. அப்போஸ்தலர் என்ற சொல்லோடு இதற்கு உறவில்லை. வழங்கப்படும் ஒவ்வொரு சான்றையும் பதிவேட்டில் குறித்துவைத்து, கேட்போருக்குச் சரிபார்த்துச் சொல்லவேண்டும் என்ற விதியே இவ்வேற்பாட்டின் உயிர்நாடி. திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு ஒப்பிடக் கிடைத்த வேறோர் ஓலையின் இடத்தை இங்கு அப்பதிவேடு வகிக்கிறது.

இந்தியாவில் இவ்வொப்பந்தம் 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. வெளியுறவு அமைச்சகம் இச்சான்றை வழங்குகிறது. எனினும் தமிழகத்திலிருந்து பெருந்திரளானோர் வேலைக்குச் செல்லும் ஐக்கிய அரபு அமீரகமும் குவைத்தும் கத்தாரும் 2024 வரை இதில் சேராமையால், அந்நாடுகளுக்குச் செல்வோரின் சான்றிதழ்கள் பழையபடி தூதரகப் படியையும் ஏறவேண்டியிருந்தன. ஜெர்மனியோ, உறுப்பு நாடாக இருந்தும், இந்தியா சேர்ந்ததற்கு மறுப்புத் தெரிவித்ததால் இரு நாடுகளுக்கிடையே இந்தச் சான்று செல்லாது. ஆகவே இந்தியப் பிறப்புச் சான்றையோ திருமணச் சான்றையோ ஐயுறும் ஜெர்மானிய அலுவலகம், தன் தூதரகத்தின் வழியே நம்பிக்கைக்குரிய வழக்கறிஞர் ஒருவரை அனுப்பி, பதிவு அலுவலகத்தின் மூலப் பதிவோடு ஒப்பிட்டும், ஊரில் அக்கம்பக்கத்தாரை விசாரித்தும் உண்மையறிய முற்படுகிறது.