தலையெழுத்தல்ல, மணலெழுத்து!

"இதற்குக் கணக்கு வராது, தலையெழுத்து!" இராயபுரத்து மீனவரின் மகனும் எண்ணூர்த் தொழிலாளியின் மகளும் நெடுங்காலம் கேட்ட பழிச்சொல் இது. தலையெழுத்தை நாம் நம்புவதில்லை, வரலாற்றைப் புரட்டுவோம்.

அன்றைய திண்ணைப் பள்ளியிலே விரல்தான் எழுதுகோல், மணல்தான் ஏடு. 1789இல் எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம்மவர் பள்ளியில் மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் இலண்டனில் நூலாக்கினார். மேல்நாடு அதனைச் 'சென்னை முறை' என்றது. மேல்நாடு ஏற்ற அந்த மணலை நம் சேரிப் பிள்ளை தொட முடிந்ததா? திண்ணையிலே சாதி குடியிருந்ததே!

1939இல் அடையாறு வந்த மாண்டிசோரி அம்மையார், எண்ணை மணியாக்கிக் கையில் தரும் முறையை இங்கு பயிற்றுவித்தார். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. மணியும் அட்டையும் ஏழைப் பிள்ளையின் கைக்கு வந்தன.

பயன் என்ன? "24 மீன், மூவருக்குச் சமபங்கு, ஆளுக்கு எத்தனை?" சிறுமி தடுமாறுவது வகுத்தலில் அன்று, வாக்கியத்தில். 24 மணிகளை மூன்று வரிசையாக அவளே அடுக்கட்டும்; வரிசைக்கு எட்டு! பின்னர் படமாக வரையட்டும். அதன்பின் எண்ணால் எழுதட்டும். இன்றைய கணினித் திரைக்கும் அளவுகோல் இதுவே: ஆசிரியர் காட்டப் பிள்ளை பார்த்திருந்தால் அது வேடிக்கை, பிள்ளையே நகர்த்திப் பார்த்தால் அது கல்வி.

கணக்கு வராத பிள்ளை இல்லை. கணக்கைக் கையில் தராத பள்ளிதான் உண்டு. கூலியை எண்ணி வாங்கத் தெரிந்த தலைமுறையை எவர் ஏய்க்க முடியும்?