பெயர் வைக்காத பாடம்: அனிமேஷனும் வீடியோ கேமும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த கதை



பி.காம் படிக்கிறவனுக்கு அனிமேஷன் வரலாறு எதுக்குன்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்கு. "அனிமேஷன், கேம் டெவலப்மெண்ட் எல்லாம் ஒரு படிப்பா?" என்ற சண்டை நம்மில் பலர் வீட்டில் நடந்திருக்கும். ஒரு பக்கம், அதெல்லாம் வெறும் விளையாட்டு என்று சொல்கிற பெரியவர்கள். இன்னொரு பக்கம், லட்சக்கணக்கில் ஃபீஸ் கேட்கிற விளம்பரங்கள். இரண்டில் எதை நம்புவது? இந்தப் படிப்பு முதலில் எப்படி உருவானது என்று தெரிந்தால் முடிவெடுப்பது கொஞ்சம் சுலபம்.

கதை ஹாலிவுட்டில் ஆரம்பிக்கவில்லை. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆரம்பிக்கிறது. 1965ல் டேவிட் எவன்ஸ் என்ற பேராசிரியர் தன் சொந்த ஊருக்கே திரும்பி வந்து, அங்கே கணினித் துறையைத் தொடங்கினார். 1968ல் ஐவன் சதர்லேண்ட் வந்து சேர்ந்தார். திரையில் பேனாவால் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்ற புரோகிராமை 1963லேயே எழுதியவர் அவர். பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்ப்பா. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யாமல், கணினியால் படம் காட்டுவது என்ற ஒரே விஷயத்தைத்தான் அந்தத் துறை முக்கியமாகப் பிடித்துக்கொண்டது.

அங்கே படித்த எட் கேட்மல் சின்ன வயதில் டிஸ்னி அனிமேட்டர் ஆக ஆசைப்பட்டவர். ஆனால் அந்த அளவுக்கு வரைய வராது என்று தோன்றியதால் இயற்பியலும் கணினியும் படித்தார். 1972ல் தன் இடது கையை பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அதன்மேல் சின்னச் சின்னப் பலகோணங்களாகக் கோடு போட்டு, ஒவ்வொரு முனையையும் அளந்து கணினிக்குள் ஏற்றினார். சக மாணவர் ஃப்ரெட் பார்க்கோடு சேர்ந்து எடுத்த அந்தச் சின்னப் படத்தில் ஒரு கை விரலை மடக்கி நீட்டும். அவ்வளவுதான்! அதே படம் 2011ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

மற்ற மாணவர்களையும் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்த உருவத்தை வழவழப்பாகக் காட்ட 1971ல் வழி சொன்னவர் ஹென்றி கூரோ. பளபளப்பான பொருளில் வெளிச்சம் எப்படி மின்னும் என்று கணக்கு போட்டவர் வியட்நாமில் பிறந்த புய் துவாங் ஃபாங். 1973ல் ஆய்வை முடித்தவர், 1975ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் பெயரிலான அந்தக் கணக்கை இன்றும் கிராபிக்ஸ் வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். 1975ல் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டு டீ பாட்டையே கணினியில் வரைந்தார். உலகம் முழுக்க கிராபிக்ஸ் சோதனைக்குப் பயன்பட்ட 'யூட்டா டீ பாட்' அதுதான். பிற்பாடு அடோபி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் வார்னாக், சிலிகான் கிராபிக்ஸைத் தொடங்கிய ஜிம் கிளார்க் ஆகியோரும் இதே இடத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்தான். இத்தனை பேரில் ஒருவர் பட்டத்திலும் 'அனிமேஷன்' என்ற வார்த்தை கிடையாது.

சரி, வீடியோ கேம்? அதிலும் யூட்டாவுக்குப் பங்கு உண்டு. அங்கே மின் பொறியியல் படித்த நோலன் புஷ்னெல், படிக்கும் காலத்தில் பக்கத்திலிருந்த லகூன் பொழுதுபோக்குப் பூங்காவில் விளையாட்டுக் கடைகளைப் பார்த்துக்கொண்டார். காசு போட்டு விளையாட ஜனங்கள் தயங்க மாட்டார்கள் என்பதை அங்கே நேரில் பார்த்தவர். அதற்கு முன்பே, 1962ல் எம்.ஐ.டி.யில் 'ஸ்பேஸ்வார்' என்ற கேம் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது ஓடிய பி.டி.பி.-1 கணினியின் விலை சுமார் 1,20,000 டாலர். 25 சென்ட் நாணயம் போட்டு அந்தக் காசை எடுக்க முடியுமா? நம்ம காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்புக்கு அருமையான கணக்கு! புஷ்னெலும் டெட் டாப்னியும் கண்டுபிடித்த விடை: கணினியையே தூக்கிவிட்டு, டி.வி. திரையோடு சாதாரண மின்சுற்றுகளை வைத்து கேம் செய்வது. 1971ல் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்', 1972ல் அட்டாரி நிறுவனம், அதே வருடம் 'பாங்'. ஒரு தொழிலே பிறந்துவிட்டது.

அனிமேஷன் பக்கம் அவ்வளவு வேகமாகக் காசு வரவில்லை. 1974ல் முனைவர் பட்டம் முடித்த கேட்மல் நியூயார்க் போனார், 1979ல் லூகாஸ்ஃபிலிமில் சேர்ந்தார். 1986ல் அந்தக் கணினிப் பிரிவை ஸ்டீவ் ஜாப்ஸ் வாங்க, அது பிக்ஸார் ஆனது. அதன் பிறகும் பல வருடம் நஷ்டம். முழுக்கக் கணினியிலேயே செய்த முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி' வந்தது 1995ல். கை படத்திலிருந்து எண்ணினால் 23 வருடம்! முதலீடு திரும்ப இவ்வளவு காலம் ஆகும் என்று சொன்னால் எந்த வங்கி கடன் கொடுக்கும்? முதல் சுமையைத் தாங்கியது அரசுப் பணமும் ஒரு பல்கலைக்கழகமும்தான். லாபம் வேறு இடத்தில் வேறு பெயரில் வந்தது. வரிப்பணத்தை ஆராய்ச்சிக்குக் கொடுப்பது வீண் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பெயர் பலகை மாட்டிய படிப்புகள் தனி வழியில் வந்தன. கலிபோர்னியாவின் கால்ஆர்ட்ஸில் 1975ல் கேரக்டர் அனிமேஷன் படிப்பு தொடங்கியது. அதன் ஆரம்ப மாணவர்களில் ஒருவரான ஜான் லாசெட்டர்தான் பிறகு கேட்மலோடு வேலை செய்து, 'டாய் ஸ்டோரி'யை இயக்கியவர். ஓவியமும் கணக்கும் கை கோத்த இடம் அது. கனடாவின் வான்கூவரில் டிஜிபென் நிறுவனம் நின்டெண்டோவின் துணையோடு 1994ல் கேம் புரோகிராமிங் படிப்பைத் தொடங்கியது. யூட்டா பல்கலைக்கழகமே கேமுக்கும் அனிமேஷனுக்கும் தனித் திட்டம் தொடங்கியது 2007ல்தான்.

இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். அது விளையாட்டு இல்லை. கணக்கு, இயற்பியல், ஓவியம் மூன்றும் சேர்ந்த கடினமான படிப்பு. அதே சமயம், விளம்பரத்தில் இருக்கும் சாஃப்ட்வேர் பெயர்களைப் பார்த்து மட்டும் ஃபீஸ் கட்டக் கூடாது. கேட்மல் காலத்துக் கணினிகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஆனால் எந்தப் பொருள் முன்னால், எது பின்னால் என்று கண்டுபிடிக்க 1974ல் அவர் ஆய்வில் எழுதிய முறை, இன்று நம் செல்போனில் ஓடும் முப்பரிமாண கேமிலும் வேலை செய்கிறது.

எனவே சேரப் போகும் நண்பர்கள் கல்லூரியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த சாஃப்ட்வேர் சொல்லித்தருவீங்க?" என்பதல்ல. "அந்த சாஃப்ட்வேர் காலாவதியான பிறகும் மிஞ்சப் போவது எது, அதைச் சொல்லித்தருவீங்களா?" என்பதுதான்.